ராயரின் நாயக்கர்கள்: அமரம், கப்பம், பாளையம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விஜயநகர ராயர்கள் தமிழ்நாட்டை நேரடியாக ஆளவில்லை. தங்கள் படைத்தலைவர்களையும் உறவினரையும் சீமைக்கு ஒருவராக அமர்த்தி ஆண்டார்கள். அந்த ஏற்பாடு எப்படி நடந்தது, எவ்வளவு பணம் கைமாறியது, எங்கே பிசகியது என்று வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில்.

நாயக்கர் என்பவர் ராயரின் அதிகாரியா, சிற்றரசரா?

இரண்டுக்கும் நடுவில் இருந்தவர். ராயர் ஒரு படைத்தலைவருக்கு ஒரு சீமையைக் கொடுப்பார். கல்வெட்டுகள் அதை நாயக்கத்தனம், அமரநாயக்கத்தனம், அமரம் என்றெல்லாம் குறிக்கின்றன. அந்தச் சீமையின் வருவாயை நாயக்கர் வசூலிப்பார். அதில் ஒரு பங்கை ராயருக்குக் கட்டுவார். மிச்சத்தில் ராயர் குறித்த அளவுக்குக் காலாள், குதிரை, யானை வைத்துப் பராமரிக்க வேண்டும். போர் என்று ஓலை வந்தால் படையோடு போய் நிற்க வேண்டும்.

நிலம் அவருடையது அல்ல. ராயர் நினைத்தால் எடுத்துவிடலாம், வேறு சீமைக்கு மாற்றலாம். தொடக்க காலத்தில் அப்படி மாற்றியும் வந்தார்கள். மகன், பேரன் என்று ஒரே குடும்பத்தில் தங்கிப்போனது பின்னால் வந்த பழக்கம்தான்.

முதலிலிருந்தே நாயக்கர்கள்தான் ஆண்டார்களா?

இல்லை. முதலில் வந்தவர்கள் இளவரசர்கள். முதலாம் புக்கரின் மகன் குமார கம்பணர் முள்வாயிலில் (இன்றைய முல்பாகல்) இருந்து வந்து, வட தமிழகத்தை ஆண்ட சம்புவராயரை அடக்கினார். பிறகு மதுரை சுல்தானியத்தை வென்றார். திருவரங்கத்து நம்பெருமாள் 1371-இல் கோயிலுக்குத் திரும்பியது அந்தப் படையெடுப்பின் தொடர்ச்சிதான். வென்ற நாட்டைச் சந்திரகிரி, படைவீடு, திருவதி, திருச்சிராப்பள்ளி என்று ராஜ்யங்களாகப் பிரித்து ஆள் அமர்த்தினார்கள்.

ராஜ்யத்தை ஆண்ட இளவரசரோ மகாமண்டலேஸ்வரரோ ராயரின் பேராளர். அவர் செய்வது ராயர் செய்வதாகவே கருதப்படும். நாயக்கர் அப்படியல்ல. பணமும் படையும் சரியாக வந்துகொண்டிருந்தால் சீமைக்குள் அவர் எப்படி ஆள்கிறார் என்று ராயர் அதிகம் கேட்பதில்லை. பதினாறாம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் (1509–1529), அச்சுததேவராயர் (1529–1542) காலத்தில் இந்த இரண்டாவது முறை தமிழ்நாடு முழுவதும் வேரூன்றிவிட்டது.

சோழர் காலத்திலும் இதன் சாயல் உண்டு. முதலாம் இராசேந்திரன் தன் மகனைச் சோழபாண்டியன் என்ற பட்டத்தோடு மதுரையில் அமர்த்தினான். ஆனால் அவன் அரச குடும்பத்தான். சீமையை எடுத்துக்கொண்டு இவ்வளவு பணம், இவ்வளவு படை என்று கணக்குப் பேசும் உறவு அதில் இல்லை.

ஒரு நாயக்கர் எவ்வளவு கட்டினார்? எவ்வளவு படை வைத்திருந்தார்?

இதற்கு நம்மிடம் உள்ள மிகத் தெளிவான சாட்சி, 1535 வாக்கில் விஜயநகரில் இருந்த போர்த்துக்கீசியக் குதிரை வணிகர் பெர்னாவ் நூனிஸ் எழுதிய குறிப்பு. வெளிநாட்டார் கணக்கு என்பதால் எண்களைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் அவர் குதிரை விற்க வந்தவர். எந்த நாயக்கரிடம் எவ்வளவு பணம் புரள்கிறது என்பது அவர் தொழிலுக்கே வேண்டிய செய்தி.

அவர் பெயர் சொல்லிக் காட்டும் மூன்று பேரை மட்டும் பார்ப்போம். முதலாமவர் சோழமண்டலக் கரை, நாகப்பட்டினம், தஞ்சாவூர்ப் பகுதிகளை வைத்திருந்தவர். நூனிஸ் இவரை 'சால்வதினிக்' என்கிறார். சாளுவ நரசிங்க நாயக்கர் என்ற செல்லப்பாதான் இவர் என்பது ஆய்வாளர்கள் முடிவு. வருவாய் 11 லட்சம் பொன் வராகன். அதில் மூன்றில் ஒரு பங்கு ராயருக்கு, அதாவது ஏறக்குறைய 3,67,000. மீதியில் 30,000 காலாள், 3,000 குதிரை, 30 யானை.

இரண்டாமவர் உதயகிரி, கொண்டவீடு, பெனுகொண்டா பக்கம். வருவாய் 8 லட்சம். கட்டுவது 3 லட்சம். படை 25,000 காலாள், 1,500 குதிரை, 40 யானை. மூன்றாமவர் பீஜப்பூர் எல்லையோரம் இருந்தவர். வருவாய் 6 லட்சம். கட்டுவது ஒன்றரை லட்சம். படை 20,000 காலாள், 2,500 குதிரை, 20 யானை.

இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ராயரின் கணக்கு புரியும். எல்லோருக்கும் ஒரே விகிதம் இல்லை. எல்லையில் இருப்பவர் கால் பங்குதான் கட்டுகிறார். ஆனால் ஒரு லட்சம் வருவாய்க்கு 400 குதிரைக்கு மேல் நிறுத்துகிறார். எதிரியின் குதிரைப்படை வரும் வழி அது. தஞ்சாவூர்ச் சீமையில் அந்தப் பயம் குறைவு. அங்கே ஒரு லட்சத்துக்கு 270 குதிரை போதும்; பணம் அதிகம் வரட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

ஒரு வராகன் சுமார் 3.4 கிராம் பொன். 11 லட்சம் வராகன் என்றால் ஏறத்தாழ 3,700 கிலோ. காவிரிப் படுகையின் நெல் எவ்வளவு பெரிய சொத்தாக இருந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

சொன்ன படையை உண்மையிலேயே வைத்திருந்தார்களா?

இல்லை என்று நூனிஸே சொல்கிறார். குறித்த படை முழுவதையும் தஞ்சாவூர்ச் சீமையின் செல்லப்பா ஒருபோதும் வைத்திருப்பதில்லை. அதில்தான் பெரும்பணம் சேர்க்கிறார் என்பது அவர் குறிப்பு. கட்ட வேண்டிய பணத்தில் கை வைத்தால் உடனே தெரிந்துவிடும். படைச் செலவில் மிச்சம் பிடித்தால் போர் வரும்வரை யாருக்கும் தெரியாது. ஏட்டில் 3,000 குதிரை இருக்கும், லாயத்தில் எண்ணினால் குறையும். நாயக்கர் செல்வம் சேர்த்த வழி முக்கியமாக இதுதான். பேரரசின் பலவீனமும் இதே இடத்தில்தான் இருந்தது.

மகாநவமி என்ற நவராத்திரி விழா முடிந்ததும் தலைநகருக்கு வெளியே ராயர் படைகளை அணிவகுக்கவைத்துப் பார்வையிடுவார். 1520 வாக்கில் வந்த டொமிங்கோ பயஸ் இதை நேரில் கண்டு எழுதியிருக்கிறார். கண் கூசும் அளவுக்கு ஆடம்பரமாக இருந்தாலும் அடிப்படையில் அது ஒரு தணிக்கையே.

பணத்தை எப்போது கட்டினார்கள்?

செப்டம்பரின் ஒன்பது நாட்களில் என்று நூனிஸ் எழுதுகிறார். நம் கணக்கில் அது புரட்டாசி நவராத்திரி. தலைநகர் இருந்த ஹம்பியில் இன்றும் நிற்கும் மகாநவமி மேடையைச் சுற்றி அந்த ஒன்பது நாளும் மல்யுத்தம், ஆட்டம், வாணவேடிக்கை எல்லாம் நடக்கும். நாயக்கர்கள் வந்து வணங்கி நிற்பார்கள். கணக்கு முடிப்பதும் அதே நாட்களில்தான். யார் வந்தார், யார் வரவில்லை, யார் என்ன கொண்டுவந்தார் என்பதை நாடே பார்க்கும்.

இது தவிர ராயரின் பிறந்தநாளுக்கும், அவருக்குக் குழந்தை பிறந்தாலும் காணிக்கை உண்டு.

ரசீது கொடுத்தார்களா?

கொடுக்கவில்லை. ராயர் யாருக்கும் பற்றுச்சீட்டு கொடுப்பதே இல்லை, கட்டாதவர் சொத்தைப் பறித்து அவரை ஒழித்துவிடுவார் என்று நூனிஸ் எழுதுகிறார். வணிகர் ஆனதால் அவருக்கு இது விசித்திரமாகப் பட்டிருக்கும். சீட்டு இல்லாதது யாருக்கு வசதி என்று யோசித்தால், கட்டியவருக்கு அல்ல என்பது விளங்கும். 'நீ பாக்கி' என்று ராயர் சொல்லிவிட்டால் மறுத்துக் காட்ட நாயக்கரிடம் ஒன்றும் இல்லை.

குதிரைகளை நாயக்கர்கள் எங்கே வாங்கினார்கள்?

பெரும்பாலும் ராயரிடமே. அதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. நூனிஸ் கணக்குப்படி ராயர் ஆண்டுக்கு 13,000 குதிரை வாங்குவார்: பாரசீக வளைகுடாத் துறைமுகமான ஓர்மூசிலிருந்து கடல்வழி வந்தவையும் நாட்டுக் குதிரைகளும் கலந்து. நல்லவற்றைத் தம் லாயத்துக்கு எடுத்துக்கொண்டு நாட்டுக் குதிரைகளை ஆயிரம் வராகனுக்கு ஐந்து என்ற விலையில் நாயக்கர்கள் தலையில் கட்டுவார். அந்தப் பணத்தையும் செப்டம்பருக்குள் கட்டிவிட வேண்டும். அந்த வசூலைக் கொண்டே போர்த்துக்கீசியரின் அரபுக் குதிரைகளுக்கு விலை கொடுப்பார். கருவூலத்திலிருந்து காசு வெளியே போகாது. ராயரின் லாயம் மட்டும் நிறையும்.

தொலைவில் இருக்கும் நாயக்கரை ராயர் எப்படிக் கண்காணித்தார்?

கண்காணிப்பு இரு பக்கமும் நடந்தது. நாயக்கர்கள் தங்கள் ஆளைத் தலைநகரில் வைத்திருந்தார்கள். அவருக்குத் தானாபதி என்று பெயர். ராயர் இன்று என்ன சொன்னார், யார்மேல் கோபம், எந்தப் பக்கம் படை கிளம்புகிறது என்று அவ்வப்போது எழுதி அனுப்புவது அவர் வேலை. இரவும் பகலும் அரண்மனையிலேயே கிடப்பார்கள் என்கிறார் நூனிஸ். தலைவன் தவறு செய்தால் பிடிபடுவதற்கு ஆள் பக்கத்திலேயே இருக்கிறான் என்ற வகையில் ராயருக்கும் அது வசதி.

முக்கியமான கோட்டைகளை ராயர்கள் நாயக்கர்களிடம் முழுசாக விடுவதில்லை. கோட்டைகளைப் பிராமணத் தளபதிகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கிருஷ்ணதேவராயரே தம் தெலுங்குக் காவியத்தில் அறிவுரை எழுதி வைத்திருக்கிறார். ஊரில் சொந்தப் படையும் உறவுக் கூட்டமும் இல்லாதவனிடம் கோட்டை இருந்தால் கலகம் எளிதில் எழாது என்ற கணக்கு.

மூன்றாவது வழி கல்யாணம். தஞ்சாவூர் முதல் நாயக்கர் செவப்பரின் மனைவி மூர்த்திமாம்பா, அச்சுதராயரின் அரசி திருமலாம்பாவின் தங்கை. அந்த உறவால்தான் 1532 வாக்கில் தஞ்சைச் சீமை அவர் கைக்கு வந்தது. சகலை முறை கலகத்தைத் தடுக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஆனால் மதுரை, தஞ்சாவூர், செஞ்சி என்ற மூன்று பெரிய நாயக்க வம்சங்களில் ராயரிடம் அதிக காலம் பற்றோடு நின்றது தஞ்சாவூர்தான்.

இவ்வளவு பணமும் கடைசியில் யாரிடமிருந்து வந்தது?

உழுதவரிடமும் நெய்தவரிடமும். கல்வெட்டுகளில் கடமை, காணிக்கை, இனவரி, தறிக்கடமை, செக்குக்கடமை, பட்டடை நூலாயம் என்று பட்டியல் நீளும். நிலம் பிடித்தவர்கள் கொடுமை செய்வதால் பொதுமக்கள் மிகவும் அல்லல்படுகிறார்கள் என்று நூனிஸ் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்.

மக்கள் எப்போதும் பொறுத்துக்கொண்டிருக்கவில்லை. 1429-இல், இரண்டாம் தேவராயர் காலத்தில், காவிரிப் பகுதியிலும் அதன் வடக்கிலும் வலங்கை 98, இடங்கை 98 என்ற இரு சாதிப் பிரிவினரும் ஒன்றாகக் கூடித் தீர்மானம் செய்து கோயில் சுவர்களில் வெட்டி வைத்தார்கள். திருவைகாவூர், கொறுக்கை, ஆடுதுறை முதலிய ஊர்களில் அவை கிடைத்தன. வழக்கமாக ஒருவரோடு ஒருவர் மல்லுக்கு நின்றவர்கள் இந்த இரு கூட்டத்தார். அரசு ஆட்களும் அவர்களோடு சேர்ந்த காணியாளரும் (நில உரிமையாளர்) வரியைக் கண்டபடி ஏற்றியதுதான் இவர்களைச் சேர்த்துவைத்தது. அந்த அரசு ஆட்களுக்கும் காணியாளருக்கும் நம்மில் யாரும் அடைக்கலம் கொடுக்கக்கூடாது, கணக்கு எழுதக்கூடாது என்று முடிவு கட்டினார்கள். பயிர் வாரியாக எவ்வளவு கட்டுவோம் என்ற விகிதத்தையும் அவர்களே குறித்தார்கள். கணக்கு எழுத மறுப்பது கூர்மையான ஆயுதம். கணக்குப்பிள்ளை இல்லாமல் எந்த அதிகாரியாலும் ஓர் ஊரில் வசூல் செய்ய முடியாது.

எங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டில் நாயக்கர் பெயர் வருகிறது. எப்படிப் படிப்பது?

வரிசையாகப் பிரித்துக்கொண்டால் கஷ்டமில்லை.

முதலில் அரசர் பட்டம் வரும்: 'ஸ்ரீமன் மகாமண்டலேஸ்வரன் அரியராய விபாடன் பாஷைக்குத் தப்புவராய கண்டன் மூவராய கண்டன் கண்டநாடு கொண்டு கொண்டநாடு கொடாதான்' என்று நீளமாக. இதில் செய்தி எதுவும் இல்லை. இறுதியில் வரும் அரசர் பெயரை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காலம். சக ஆண்டு எண்ணோடு 78 கூட்டினால் ஆங்கில ஆண்டு. தை, மாசி, பங்குனி மாதம் என்றால் பெரும்பாலும் 79 கூட்ட வேண்டும். பக்கத்திலேயே அறுபதாண்டுச் சுழற்சியின் பெயர் இருக்கும். அதைக் கொண்டு சரிபார்க்கலாம். உதாரணமாக மேலே சொன்ன தீர்மானங்கள் சக ஆண்டு 1351, சௌமிய வருடம். 1351 + 78 = 1429. பிரபவ 1387-இல் தொடங்கியதால் 43-ஆவது ஆண்டான சௌமிய 1429-இல் விழுகிறது. இரண்டும் பொருந்தவில்லை என்றால் மூன்று காரணம் இருக்கலாம்: எண் சிதைந்திருக்கும், கழிந்த ஆண்டுக்குப் பதில் நடப்பு ஆண்டை எழுதியிருப்பார்கள் (ஓராண்டு வித்தியாசம் வரும்), அல்லது பின்னாளில் யாரோ படி எடுத்து வெட்டியிருப்பார்கள். ஓராண்டுக்கு மேல் விலகினால் வருடப் பெயரை நம்புவது நல்லது. எண்ணில் ஒரு கீறல் போதும் தவறாவதற்கு. பெயர் அவ்வளவு எளிதில் மாறாது.

பிறகுதான் நாம் தேடுவது வரும். 'இன்ன நாயக்கர் நாயக்கத்தனத்தில்', 'நமக்கு நாயக்கத்தனமாகப் பாலித்த சீர்மையில்' என்ற வகையில் சொற்கள் இருந்தால் அவர் ராயரிடம் சீமை பெற்றவர். பெயருக்குப் பின்னால் நாயக்கர் என்று மட்டும் இருந்தால் அவசரப்பட வேண்டாம். படைவீரர், கோயிலுக்கு விளக்கு வைத்த தனி ஆள், யாராகவும் இருக்கலாம்.

'இன்னாருக்குப் புண்ணியமாக' என்ற தொடரைத் தவறவிடாதீர்கள். கொடை கொடுத்தவர் தம் புண்ணியத்தை யாருக்கு எழுதுகிறாரோ அவரே அவருக்கு மேலானவர். ஊர் அதிகாரி நாயக்கருக்கும், நாயக்கர் ராயருக்கும் புண்ணியம் எழுதுவார். ஒரு சீமையில் கிடைக்கும் இந்தத் தொடர்களை அடுக்கி வைத்தால் யாருக்குக் கீழே யார் என்ற ஏணி கிடைத்துவிடும்.

முடிவில் இந்தத் தர்மத்துக்குக் கேடு நினைத்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற தோஷத்திலே போவான் என்ற சாபம். அதை விட்டுவிட்டு அதற்கு முன்னுள்ள வரிப் பெயர்களைக் கவனியுங்கள். எந்த வரியைக் கோயிலுக்கு விட்டுக்கொடுக்கிறார் என்பதிலிருந்து எந்த வரி அவர் கையில் இருந்தது என்று தெரியும்.

நாயக்கர் கலகம் செய்தால் என்ன நடந்தது?

செல்லப்பா கதை ஒன்றே போதும். கிருஷ்ணதேவராயர் இறந்து அச்சுதர் பட்டத்துக்கு வந்த சமயம் அரசுரிமைச் சண்டை. கிருஷ்ணதேவராயரின் மருமகன் ராமராயர் கை ஓங்கிவிடும்போல் இருந்தபோது அச்சுதருக்காகத் தலைநகரைக் காத்தவர் செல்லப்பா. அதே மனிதர் சில ஆண்டுகளில் திரும்பினார். தும்பிச்சி நாயக்கரும் திருவிதாங்கூர் அரசரும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். அச்சுதர் படையோடு திருவரங்கம்வரை வந்து தங்கினார். மைத்துனர் சலகராஜு திருமலை தெற்கே போய்த் தாமிரபரணிக் கரையில் வென்று வெற்றித்தூண் நட்டார். திருவிதாங்கூர் கப்பம் கட்டியது. பாண்டியர் வீட்டுப் பெண்ணை அச்சுதர் மணந்தார். 1532-க்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ராயரே நேரில் வரவேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். பெரிய நாயக்கரை அடக்க இன்னொரு நாயக்கரை மட்டும் அனுப்பினால் அனுப்பப்பட்டவர் அங்கேயே உட்கார்ந்துவிடும் ஆபத்து உண்டு.

மதுரை நாயக்கர் ஆட்சி அப்படித்தானே தொடங்கியது?

கர்ணபரம்பரைக் கதை அப்படிச் சொல்கிறது. பாண்டியருக்கு உதவ ராயர் அனுப்பிய நாகம நாயக்கர் மதுரையைத் தமக்கே வைத்துக்கொண்டாராம். அவர் மகன் விசுவநாதர் அப்பனையே பிடித்து ராயர்முன் நிறுத்தினாராம். மெச்சி மதுரையை அவருக்கே கொடுத்தார் ராயர் என்பது கதை. பின்னாளில் எழுதப்பட்ட வரலாறுகளில்தான் இது வருகிறது. ஆய்வாளர்கள் பலர் அப்படியே ஏற்பதில்லை. விசுவநாதர் ஆட்சித் தொடக்கம் மரபாக 1529 என்று சொல்லப்படுகிறது. செல்லப்பா கலகத்துக்குப் பிறகே மதுரை அவர் கையில் உறுதியாகியிருக்கும் என்பாரும் உண்டு.

உறுதியாகத் தெரிவது, அவரும் தளவாய் (படைத்தலைவர்) அரியநாத முதலியாரும் சேர்ந்து சீமையைப் பாளையங்களாகப் பிரித்தது. மதுரைக் கோயில் ஆயிரங்கால் மண்டப வாசலில் குதிரைமேல் இருப்பவர் இந்த அரியநாதர்தான். மதுரை நாயக்கர்கள் நெடுங்காலம் தங்களைக் கர்த்தாக்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள். அது ராயரின் காரியத்தை நடத்துபவர் என்ற அளவில் நிற்கும் பட்டம்.

பாளையக்காரர் என்பவர் நாயக்கருக்கு நாயக்கரா?

ஏறக்குறைய அப்படித்தான். ராயருக்கு நாயக்கர் எப்படியோ அப்படியே நாயக்கருக்குப் பாளையக்காரர். 72 பாளையம் என்பது மரபு எண். மதுரைக் கோட்டையின் 72 கொத்தளத்துக்கு ஒவ்வொருவர் பொறுப்பு என்பார்கள். பிற்காலத்தில் எண்ணிக்கை கூடியும் குறைந்தும் வந்தது. வருவாயில் ஒரு பங்கு நாயக்கருக்கு, ஒரு பங்கு படைக்கு, ஒரு பங்கு தமக்கு என்பது மரபுவழிக் கணக்கு.

படையோடு காவலும் பாளையக்காரர் பொறுப்பு. ஊரில் களவு போனால் பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். அதற்காக ஊர்கள் காவல் வரி கட்டின. ஆட்சி தளர்ந்த காலத்தில் இந்தக் காவல் உரிமைதான் அடிதடிக்குக் காரணமானது. அடுத்த பாளையத்து ஊரில் 'நானும் காவல்' என்று வரி கேட்கத் தொடங்கினார்கள். கொடுக்காத ஊரில் களவு நடக்கும்.

ராயரிடமிருந்து நாயக்கர்கள் எப்போது விடுதலை பெற்றார்கள்?

ஒரு தேதி சொல்ல முடியாது. 1565 சனவரியில் தலைக்கோட்டைப் போரில் அளிய ராமராயர் கொல்லப்பட்டார், அன்றே நாயக்கர்கள் சுதந்திரம் அடைந்தார்கள் என்று பள்ளிப் பாடம் சொல்லும். அது சரியில்லை. ராயர்கள் பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று இடம் மாறி ஆண்டார்கள். இரண்டாம் வேங்கடர் (1586–1614) நாயக்கர்களிடமிருந்து கப்பம் வாங்கினார். ஆனால் தாமதமாகும், சில சமயம் திமிராக மறுப்பார்கள், ராயரின் படை வந்து பாக்கியோடு வசூலிக்கும், அதையும் ஊர் மக்களே சுமப்பார்கள் என்று 1611-இல் மதுரையிலிருந்த ஏசு சபைப் பாதிரியார் ஒருவர் எழுதியிருக்கிறார்.

வேங்கடர் இறந்ததும் நிலைமை கெட்டது. ஜக்கராயன் என்பவன் புதிய அரசரையும் குடும்பத்தையும் கொன்றான். ஒரு மகன் மட்டும் தப்பினான். அரச குடும்பத்தின் பக்கம் நின்ற யாசம நாயக்கரின் ஏற்பாட்டில் ஒரு வண்ணான் அவனைத் துணிமூட்டையில் வைத்து வெளியே கொண்டுவந்தான். அந்தச் சிறுவன் ராமதேவன் பக்கம் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்; ஜக்கராயன் பக்கம் மதுரையும் செஞ்சியும். 1616–17-இல் கல்லணைக்கு அருகே தோப்பூரில் நடந்த போரில் ஜக்கராயன் மாண்டான். யார் ராயர் என்பதை நாயக்கர்கள் முடிவு செய்யும் காலம் வந்துவிட்டது.

மதுரை திருமலை நாயக்கர் (1623–1659) அடுத்த அடி எடுத்தார். மூன்றாம் ஸ்ரீரங்கருக்குக் கப்பம் கட்டாமல் செஞ்சியையும் தஞ்சாவூரையும் கூட்டுச் சேர்த்தார். தஞ்சாவூர் அதை ராயரிடம் சொல்லிவிட்டது. திருமலை கோல்கொண்டாவை வேலூர்மேல் ஏவினார். பிறகு கோல்கொண்டாவுக்கு எதிராகப் பீஜப்பூரை அழைத்தார். இரண்டு சுல்தான்களும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள். 1649 வாக்கில் செஞ்சி பீஜப்பூர் கைக்குப் போனது. ராயருக்குக் கட்ட மறுத்த கப்பத்தைத் திருமலை பீஜப்பூருக்குக் கட்டினார்.

இதில் வேடிக்கை, பணம் நின்ற பிறகும் பெயர் நிற்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதிச் செப்பேடுகளிலும் மதுரை நாயக்கர்கள் ராயர் ஒருவரின் பெயரைச் சொல்லிவிட்டே தங்கள் கொடையை எழுதுகிறார்கள். பெயருக்குச் செலவில்லை, தங்கள் உரிமை எங்கிருந்து வந்தது என்று காட்ட அது தேவைப்பட்டது. ஆகவே 'சுதந்திரம்' எப்போது என்று தேடுபவர்கள் மூன்றைத் தனித்தனியே பார்க்க வேண்டும்: கப்பம் எப்போது நின்றது, படை அனுப்புவது எப்போது நின்றது, கல்லில் பெயர் எப்போது நின்றது. மூன்றுக்கும் மூன்று காலம்.

சேதுபதி நவராத்திரி கொண்டாட நாயக்கரின் அனுமதி ஏன் தேவைப்பட்டது?

மேலே சொன்ன மகாநவமியை நினைத்துப் பார்த்தால் புரியும். நவராத்திரிக்குப் போய் நிற்பவன் கீழானவன். நவராத்திரி நடத்தித் தன்முன் மற்றவரை நிறுத்துபவன் மேலானவன். ராயர் நடத்தியதை மதுரையில் நாயக்கர் நடத்தினார். மறவர் சீமைத் தலைவரான சேதுபதி அங்கே வரவேண்டியவர். திருமலை நாயக்கரின் இறுதிக் காலத்தில் மைசூர்ப் படை பிடிபட்டவர்களின் மூக்கை அறுத்துக்கொண்டே மதுரைவரை வந்தது. நோயில் கிடந்த நாயக்கருக்காக ரகுநாத சேதுபதி படை திரட்டி வந்து விரட்டினார். கைம்மாறாகக் கப்பத்தைத் தள்ளினார் நாயக்கர். திருமலை சேதுபதி என்ற பட்டம், திருப்புவனம், திருச்சுழி, பள்ளிமடைப் பகுதிகள், சிங்கமுகப் பல்லக்கு ஆகியவற்றோடு இராமநாதபுரத்திலேயே நவராத்திரி நடத்தும் உரிமையும் கொடுத்தார். கப்பத் தள்ளுபடியைவிட அந்த உரிமைதான் பெரிய பரிசு.

கண்டியை ஆண்ட நாயக்கர்களும் இதே முறையில் அமர்த்தப்பட்டவர்களா?

இல்லை. அது கல்யாண வழி. கண்டி அரசர்கள் மதுரை நாயக்கர் உறவில் பெண் எடுத்தார்கள். 1739-இல் அரசருக்குப் பட்டத்துக்குரிய வாரிசு இல்லாதபோது அரசியின் தம்பி ஸ்ரீ விஜய ராஜசிங்கனாக முடிசூடினார். 1815-இல் ஆங்கிலேயர் பிடிக்கும்வரை அந்த வழியினரே கண்டி அரசர்கள்.

பாளையங்கள் கடைசியில் என்ன ஆயின?

மதுரை நாயக்கர் ஆட்சி அரசி மீனாட்சியோடு 1736 வாக்கில் சந்தா சாகிபிடம் முடிந்தது. மேலே ஆள் இல்லாமல் பாளையக்காரர்கள் தனியாக நின்றார்கள். ஆற்காட்டு நவாப் கப்பம் கேட்டார். அவர் கடனுக்காக வசூல் உரிமையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிக்கொண்டது. கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். 1801 போருக்குப் பிறகு கோட்டைகளை இடித்து ஆயுதங்களைப் பறித்து, 1803 வாக்கில் எஞ்சியவர்களுக்கு ஜமீன் சன்னது (உரிமைப் பத்திரம்) கொடுத்தார்கள். படையும் காவலும் போயின. நிலையான பேஷ்குஷ் (ஆண்டுக் கப்பம்) கட்டும் கடமை மட்டும் மிஞ்சியது. பாக்கி விழுந்தால் ஜமீனை ஏலம் போட்டார்கள். ராயர் காலத்தில் கட்டாதவன் சீமை இன்னொரு படைத்தலைவனுக்குப் போனது. இப்போது அது பணம் வைத்திருந்த யாருக்கும் போகலாம்.